தைமஸ் வேறு, தைராய்டு வேறு: வயதானால் நோய் எதிர்ப்பு ஏன் குறைகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஒரு மாத்திரைப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தாமானில் ஒருவர் 180 வெள்ளிக்கு விற்றதாம். தைமஸைத் தட்டி எழுப்பும், எதிர்ப்புச் சக்தி இளமைக்குத் திரும்பும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "இது தைராய்டு மருந்துதானே பாப்பா? எனக்குத் தைராய்டு இல்லையே, ஏன் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

பெரியம்மாவுக்கு 68 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு நர்சரியில் கன்று பார்த்தார். போன வருஷம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து இரண்டு மாதம் வலியில் துடித்தார். காவி குழைத்து எழுதிப் பார்த்தார்கள். கிளினிக்குக்கு வரும்போது ஒரு வாரம் ஓடிவிட்டது. கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதிலிருந்து, "உடம்புல எதிர்ப்புச் சக்தி போயிடுச்சு" என்ற பயம் அவரை விடவில்லை.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதிர்ப்புச் சக்தியை ஏற்றணும் என்ற பேச்சைக் கேட்காத நாளே இல்லை. நெஞ்சை முஷ்டியால் தட்டினால் தைமஸ் விழித்துக்கொள்ளும் என்று சொல்லும் வாட்சப் வீடியோ மட்டும் எனக்கு நாலு பேரிடமிருந்து வந்தது. எண்ணெய் தீர்ந்த விளக்கில் எண்ணெய் ஊற்றுவது போல இதை எல்லாரும் நினைக்கிறார்கள். விஷயம் அப்படி இல்லை. பெரியம்மாவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

## எங்கே இருக்கிறது இந்தத் தைமஸ்?

தைராய்டு தொண்டையில் இருப்பது. உடம்பு எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தன் ஹார்மோனால் கட்டுப்படுத்துவது. தைமஸ் அதற்குக் கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால், இரண்டு மடலாக ஒட்டிக்கொண்டிருக்கும் மென்மையான உறுப்பு. பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன. அதைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை.

பிறந்த குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் தைமஸ் நன்றாகவே தெரியும். சில குழந்தைகளுக்குப் படகுப்பாய் விரித்தது போல வெள்ளை நிழலாக விழும். பெரியவர்களின் எக்ஸ்ரேயில் அந்த நிழல் இருக்காது. அது எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அது எதற்கு என்பதே 1961 வரை தெரியாது. ஏதோ மிச்சம் மீதி உறுப்பு என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். அந்த வருஷம் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த சூட்டோடு எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்த குட்டிகள் பிறகு இளைத்து, சாதாரணத் தொற்றுகளுக்கே செத்துப்போயின. அவற்றின் இரத்தத்தில் ஒருவகை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வேலை என்னவென்று மனிதன் கடைசியாகக் கண்டுபிடித்த பெரிய உறுப்புகளில் தைமஸும் ஒன்று.

## ஜாகா வேலைக்கு ஆள் எடுப்பது

மில்லர் பார்த்தபோது குறைந்திருந்த அந்த வெள்ளை அணுக்களைத்தான் இன்று டி செல் என்கிறோம். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தைமஸில் வந்து பக்குவப்படுபவை. தைமஸின் ஆங்கில முதல் எழுத்துதான் அந்த 'டி'. கிருமி புகுந்த செல்லைக் கொல்வது, மற்ற வெள்ளை அணுக்களை ஏவிவிடுவது எல்லாம் இவற்றின் வேலை. எச்.ஐ.வி. கிருமி அழிப்பது இவற்றில் ஒரு வகையைத்தான். அந்த வகை போனால் உடம்பு எந்த நிலைக்கு வரும் என்பது நமக்குத் தெரிந்ததே.

தோட்டத்து ஸ்டோருக்கு ஜாகா, அதாவது காவலாள், போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருட வருபவன் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் உடம்பு கோடிக்கணக்கில் ஜாகாக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முகத்தை மட்டும் அடையாளம் காணும் கண். எந்த முகம் என்பது குருட்டாம்போக்கில் அமைவது. இத்தனை பேரில் யாராவது ஒருவனுக்கு வரப்போகும் திருடனின் முகம் தெரிந்திருக்கும் என்பதுதான் கணக்கு. இதுவரை உலகத்தில் இல்லாத கிருமி வந்தாலும் அதை அடையாளம் காண ஒரு டி செல் இருப்பது இப்படித்தான்.

ஆனால் குருட்டாம்போக்கில் ஆள் எடுத்தால் இரண்டு ஆபத்து. ஒன்றுக்கும் உதவாதவன் வருவான். நம் வீட்டுப் பிள்ளையையே திருடன் என்று அடிப்பவனும் வருவான். இவர்களைக் கழிக்கத்தான் தைமஸில் இரண்டு தேர்வு நடக்கிறது.

நம் செல்களில் பெரும்பாலானவை தமக்குள் இருப்பவற்றின் துணுக்குகளை வெளியே ஒரு தட்டில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே கிருமி இருக்கிறதா என்று டி செல் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் அறியும். தட்டையே பிடித்துப் பார்க்கத் தெரியாத டி செல் முதல் தேர்வில் செத்துப்போகும்.

இரண்டாவது தேர்வை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். தைமஸின் உட்பகுதியில் உள்ள சில செல்கள், உடம்பின் மற்ற உறுப்புகளில் மட்டுமே இருக்கவேண்டிய புரதங்களைத் தாமே கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக் காட்டும். கணையத்தின் இன்சுலின்கூட அதில் உண்டு. லயத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் படத்தையும் ஒரு குடிசைக்குள் மாட்டிவைத்து, "இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க" என்று புது ஜாகாவுக்குக் காட்டுவது போல. அந்தப் படத்தைப் பார்த்துக் கம்பை ஓங்குகிற டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே கழிக்கப்படும். சில, சண்டையை அடக்கும் காவலர்களாக மாற்றி வெளியே அனுப்பப்படும். அந்த அடக்கும் டி செல்களைக் கண்டறிந்து விளக்கிய ஷிமோன் சாகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு.

தைமஸுக்குள் உருவாகும் டி செல்களில் நூற்றுக்கு ஐந்துகூட வெளியே வராது. மிச்சம் எல்லாம் உள்ளேயே சாகும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தைமஸ் எதிர்ப்புச் சக்தியைச் சேமித்துவைக்கும் தொட்டி இல்லை. புது டி செல்களை ஏராளமாக உண்டாக்கி, உதவாததையும் ஆபத்தானதையும் கழித்து, தேறியதை மட்டும் அனுப்பும் இடம். 'எதிர்ப்புச் சக்தியை ஏற்று' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். கழிக்காமல் ஏற்றிக்கொண்டே போனால் அது நம் மூட்டுகளையும் கணையத்தையுமே தாக்கும்.

## நர்சரியில் லாலாங் மண்டினால்

இந்தக் கழிக்கிற கதையைச் சொன்னதும் பெரியம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "நர்சரியில நாங்க செஞ்சது அதுதானே" என்றார். செம்பனைக் கன்று முதலில் சின்னப் பையில், அப்புறம் பெரிய பையில், கிட்டத்தட்ட ஒரு வருஷம் வளர்ந்துதான் நிலத்துக்குப் போகும். "நூறு பையில இருபது, இருபத்தஞ்சு கழிஞ்சு போகும். இலை முறுக்கினது, குட்டையா நிக்கிறது, நெட்டையா ஓடுறது எல்லாத்தையும் எடுத்துடணும். பாவம் பார்த்து ஒண்ணை விட்டோம்னா இருபத்தஞ்சு வருஷம் அந்த இடம் வீணாப் போகும்."

அவர் வேலை செய்த நர்சரி இப்போது இல்லை. மறுநடவு முடிந்ததும் கவனிக்க ஆளில்லாமல் விட்டார்கள். நிழல் வலை கிழிந்து, குழாய் துருப்பிடித்து, லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது. வயதாகும்போது தைமஸுக்கு நடப்பதும் இதுதான். அங்கே லாலாங் என்பது கொழுப்பு.

தைமஸின் சட்டகமாக நின்று, வரும் டி செல்களை வளர்த்துத் தேர்வு நடத்துபவை எபிதீலியல் செல்கள். இவைதான் அந்த நர்சரியின் நிழல் வலையும் வேலையாட்களும். தைமஸ் பருவ வயதையொட்டி அதிக எடையோடு இருக்கும். ஆனால் உள்ளே வேலை செய்யும் இந்தத் திசு முதல் வயதிலிருந்தே குறையத் தொடங்கிவிடுகிறது. நடுவயது வரை ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு, அதற்குப் பிறகு சுமார் 1 விழுக்காடு என்று தேய்கிறது. எழுபது வயதில் பெரும்பகுதி கொழுப்புத்தான். நடுவில் அங்கங்கே சில திட்டுகள் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

காரணம் ஒன்றல்ல. பருவ வயதில் பெருகும் பாலியல் ஹார்மோன்கள் தேய்வை வேகப்படுத்துகின்றன. எபிதீலியல் செல்களுக்கு மண்டோர் போல உத்தரவு போடும் ஃபாக்ஸ்என்1 என்ற ஒரு மரபணு உண்டு. வயதாக ஆக அதன் குரல் தணிந்துபோகிறது.

கடும் பட்டினி, பெரிய தொற்று, தீராத மன அழுத்தம் ஆகியவையும் தைமஸைச் சுருக்கும். இங்கே ஒரு பழைய தவறைச் சொல்லியே ஆகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் அறுத்துப் படித்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நோயில் கிடந்து, சத்தில்லாமல் இறந்தவர்களுடையவை. அந்தச் சுருங்கிய தைமஸைத்தான் சரியான அளவு என்று எழுதிவைத்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து திடீரென்று இறந்த குழந்தையைப் பார்த்தபோது, தைமஸ் பெரிதாக இருந்து மூச்சை அடைத்துவிட்டது என்றார்கள். அதைச் சுருக்குவதாக இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. ஏழையின் மெலிந்த உடம்பை அளவுகோலாக வைத்ததில் வந்த வினை இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நோயிலும் பட்டினியிலும் சுருங்கிய இளம் தைமஸ், உடம்பு தேறியதும் திரும்ப வளரும். மீளும் திறமை அந்த உறுப்புக்கே இருக்கிறது. வயதானவர்களிடமும் அதைத் தூண்ட முடியுமா என்ற ஆராய்ச்சி அங்கேதான் கால் ஊன்றி நிற்கிறது.

## ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

பெரியம்மாவின் இரத்த ரிப்போர்ட்டை நானே பார்த்தேன். லிம்ஃபோசைட் என்ற வரி டி செல்களையும் அவற்றின் இனத்தாரையும் சேர்த்துச் சொல்வது. அது சரியான அளவுக்குள்தான் இருந்தது. நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. "அப்போ நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

நர்சரி மூடிப் பத்து வருஷம் ஆனாலும் தோட்டம் பச்சையாகத்தான் தெரியும். முன்பே நட்ட மரங்கள் நிற்கின்றனவே. உடம்பிலும் அப்படித்தான். புது டி செல் வரத்துக் குறைந்ததும், வெளியே இருக்கும் பழைய டி செல்கள் தாமே இரண்டிரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுகின்றன. எண்ணிக்கை சரியாகிவிடும், வகை பெருகாது. ஒரே முகம் தெரிந்த ஜாகாவுக்கே நூறு நகல்.

இதுவரை தன் கிருமியைச் சந்திக்காத டி செல்லைப் புது டி செல் என்றும், ஒருமுறை சண்டை போட்டு நினைவில் வைத்திருப்பதை நினைவு டி செல் என்றும் பிரிக்கலாம். வயதானவர்களிடம் நினைவு டி செல் நிறைய இருக்கும், புதியவை குறைவு. அதனால் பழகிய கிருமிகளை ஓரளவு சமாளித்துவிடுவார்கள். யாருக்கும் நினைவு இல்லாத புதுக் கிருமி வந்தால் தடுமாறுவார்கள். 2020இல் கோவிட் வந்தபோது முதியவர்களை அதிகம் வாரிக்கொண்டு போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தைமஸிலிருந்து அண்மையில் வந்த செல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதற்குள் தேவையற்ற ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் மிச்சமிருக்கும், செல் பிரியப் பிரிய அந்த வளையம் நகலாகாமல் நீர்த்துப்போகும். வளையங்களை எண்ணினால் தைமஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்று மதிப்பிடலாம். நாம் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் இது வராது. அந்த ரிப்போர்ட்டை வைத்து எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டது என்று யாராவது காட்டினால், அந்தக் காகிதம் அதைச் சொல்லவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சரி, சுருங்கிப்போன பெரியவர்களின் தைமஸ் இருந்தென்ன, போயென்ன என்று வெகுநாள் கேட்டார்கள். இதய அறுவை சிகிச்சையில் வழியை மறைத்தால் வெட்டி எடுத்துவிடுவதும் வழக்கம்தான். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023இல் இதைக் கணக்கெடுத்தார்கள். தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்கள் 1,146 பேர். அதே போன்ற நெஞ்சு அறுவை சிகிச்சை செய்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்கள் 1,146 பேர். ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 விழுக்காடு, இரண்டாவதில் 2.8. புற்றுநோய் வந்தவர்கள் 7.4 விழுக்காடு, 3.7 விழுக்காடு. தைமஸ் எடுத்ததுதான் முழுக் காரணம் என்று இப்படிப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மிச்சமிருக்கும் அந்தத் திட்டுகளை அற்பமென்று ஒதுக்கிவிட முடியாது என்றாகிவிட்டது.

இந்தப் பகுதியின் சாரம் இவ்வளவுதான்: வயதானால் டி செல்லின் எண்ணிக்கையைவிட அதன் புதுமையும் வகையும்தான் முதலில் போகின்றன.

## திரும்ப வளர்க்க முடியுமா?

எலியில் முடிந்திருக்கிறது. 2014இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிளேர் பிளாக்பர்ன் குழுவினர், கிழட்டு எலிகளில் அந்த மண்டோர் மரபணுவின் குரலை மட்டும் உயர்த்தினார்கள். தைமஸ் மறுபடி வளர்ந்து, அமைப்பில் இளம் எலியினுடையது போல ஆகி, டி செல்களை அதிகமாகத் தந்தது. ஆனால் அவை அதற்கென்றே மரபணு மாற்றி வளர்த்த எலிகள். மனிதருக்கு அப்படியே செய்ய முடியாது.

மனிதரில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவில் கிரெக் ஃபேகி என்ற ஆய்வாளர் நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனை. 51 முதல் 65 வயது வரையிலான ஒன்பது ஆண்களுக்கு ஓராண்டு வளர்ச்சி ஹார்மோன் ஊசி, கூடவே டி.எச்.இ.ஏ., மெட்ஃபார்மின் என்ற இரண்டு மருந்துகள். எம்.ஆர்.ஐ. படத்தில் ஏழு பேரின் தைமஸில் கொழுப்புக் குறைந்து திசு கூடியது போலத் தெரிந்தது. ஆள் ஒன்பதே பேர். மருந்து இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. நம்பிக்கை தரும் தொடக்கம், நிரூபணம் இல்லை.

அந்த மெட்ஃபார்மின் எதற்கு என்று நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் இனிப்பை ஏற்றும். அதைத் தணிக்கத்தான் மற்ற இரண்டும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அதிலும் நம் இந்தியர்களிடம் அதிகம். யாரோ சொன்னார் என்று வளர்ச்சி ஹார்மோன் ஊசி பக்கம் போகவே வேண்டாம்.

தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் உண்மையான சிகிச்சை ஒன்று வந்துவிட்டது. இதய அறுவை சிகிச்சையின்போது வேறு குழந்தைகளிடமிருந்து எடுத்த தைமஸ் திசுவை ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து, மெல்லிய துண்டுகளாகத் தொடைத் தசைக்குள் வைத்துவிடுகிறார்கள். நெஞ்சில் இருக்கவேண்டியது தொடையில் இருந்துகொண்டு டி செல்களைப் பழக்குகிறது. பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரில் இதற்கு அனுமதி கொடுத்தது. முதுமைக்கான சிகிச்சை இல்லை இது. ஆனால் இந்த உறுப்பைப் புதிதாக ஊன்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு புது வழி, உறுப்பை வளர்க்காமல் அது தரும் தூண்டுதல்களை மட்டும் வேறிடத்தில் தயாரிப்பது. அமெரிக்காவில் ஃபெங் ஜாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2025 கடைசியில் வெளியிட்டது இதைத்தான். கோவிட் ஊசிகளில் வந்த எம்.ஆர்.என்.ஏ. முறையில், வயதான எலிகளின் கல்லீரலுக்கு மூன்று புரதங்களைச் செய்யும் குறிப்பை அனுப்பினார்கள். கல்லீரல் தற்காலிகமாகத் தைமஸுக்குக் கைகொடுத்தது. டி செல் வகை பெருகி, தடுப்பூசிக்கு எலிகள் நன்றாக ஈடுகொடுத்தன. நிறுத்தினால் நின்றுவிடும் என்பது இதில் ஒரு பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பு ஏன் முக்கியம் என்றால், தைமஸ் தவறாக வேலை செய்தாலும் ஆபத்து. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோயில், உடம்பின் எதிர்ப்பு அமைப்பே தன் நரம்புத் தசை இணைப்பைத் தாக்குகிறது. பல நோயாளிகளுக்குத் தைமஸை எடுப்பதும் ஒரு சிகிச்சை. எப்படியாவது வளரட்டும் என்று விட முடியாது. கழிக்கத் தெரிந்த தைமஸாக வளரவேண்டும்.

## பெரியம்மாவின் போத்தல்

விழுங்கினால் மனிதரின் தைமஸ் திரும்ப வளரும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்று கடையில் இல்லை. நெஞ்சைத் தட்டினாலும் எலும்புக்குப் பின்னால் கொழுப்பாகிப்போன திசு திரும்பாது. புரதமும் துத்தநாகமும் குறைந்தால் தைமஸ் சுருங்கும் என்பது உண்மை; குறை இருப்பவருக்கு அதைச் சரிசெய்வது நல்லது. குறையே இல்லாதவர் துத்தநாகத்தை அள்ளி விழுங்கினால் உடம்பில் செம்புச் சத்து குறையும்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். இங்கே பதிவு செய்த மருந்துப் பொருள்களில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. அந்த எண் இருந்தாலும், பாரம்பரியப் பொருள் என்றால் பாதுகாப்பும் தரமும்தான் பார்க்கப்பட்டிருக்கும். நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்ததாக அர்த்தமில்லை. "வித்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க பெரியம்மா" என்றேன்.

அவருக்கு வந்த அக்கியை இப்போது பாருங்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போகாமல் நரம்பு வேரில் பதுங்கியிருக்கும். நினைவு டி செல்கள் அதை அடக்கிவைத்திருக்கும். வயதில் அவை தளர்ந்ததும் அது தலைதூக்கும், அதுதான் அக்கி. இங்கே தைமஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதே சமயம் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. அந்தக் கிருமியைத் தெரிந்த டி செல்கள் பெரியம்மாவிடம் ஏற்கெனவே இருப்பதால், புதிதாய் எதையும் பிறப்பிக்க வேண்டியதில்லை. இருப்பவர்களைத் தட்டி எழுப்பினால் போதும். புதிய அக்கித் தடுப்பூசி செய்வது அதைத்தான். 70 வயதைத் தாண்டியவர்களிடமும் சோதனையில் ஏறக்குறைய 90 விழுக்காடு காத்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒருமுறை அக்கி வந்து ஆறியவர்களும்கூட, டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊசி, இடையில் இரண்டிலிருந்து ஆறு மாதம். தனியார் கிளினிக்கில் விலை கூடுதல்தான். அண்ணன் பாதி, நான் பாதி போட்டோம்.

முதல் ஊசி போன சனிக்கிழமை போட்டாயிற்று. ஒரு நாள் கை வலித்து, லேசாகக் காய்ச்சல் அடித்தது. "ஜாகாங்க எழுந்துட்டாங்க போல" என்றார் பெரியம்மா. இரண்டாவது ஊசி தீபாவளிக்கு முன்னால்.